பெயர் செல்லும் வழி: ஆள்களப் பெயர்ச் சேவையகங்களைப் படத்திற் காணும் முறை

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இருவகையாகப் பகுத்துக் காட்டினார் நன்னூலாசிரியராகிய பவணந்தியார். காரணப் பெயரிற் பெயரே பொருளுக்கு வழிகாட்டும். பறப்பதனைப் பறவை என்கின்றனர். அச்சொல்லை முதன்முறை கேட்பவனும் ஒருவாறு பொருளை உய்த்துணர்தல் கூடும். இடுகுறிப் பெயரோ அத்தகையதன்று. மண்ணை மண் என்றும் மரத்தை மரம் என்றும் வழங்குதற்கு, முன்னோர் அவ்வாறு இட்டனர், பின்னோர் அவ்வாறே வழங்கினர் என்பதன்றி வேறு சான்று காட்டல் அரிது. இட்டவர்மேல் உலகம் வைத்த நம்பிக்கையே இடுகுறிப் பெயரை நிலைபெறச் செய்கின்றது.

இணையத்தில் வழங்கும் ஆள்களப் பெயர்கள் பார்வைக்குக் காரணப் பெயர்களைப் போலத் தோன்றும். உண்மையில் அவை இடுகுறிப் பெயர்களே. பரீட்சைத் திணைக்களத்தின் பெயரைக் கண்டவன் அது அத்திணைக்களத்துக்கே தன்னைக் கொண்டு செல்லும் என்று கருதுகின்றான். ஆனால் கணினிகள் ஒன்றையொன்று அறிவது எண்முகவரியால். பெயரிலிருந்து அவ்வெண்ணைக் கணித்தறிதற்கு வாய்பாடு எதுவும் இல்லை. இன்ன பெயருக்கு இன்ன எண் என்று எங்கோ ஒரு பதிவேட்டில் ஒருவர் எழுதி வைத்திருத்தல் வேண்டும். கேட்டவுடன் அதனை எடுத்துரைக்க ஒரு கணினி விழித்திருத்தலும் வேண்டும். அக்கணினியே பெயர்ச் சேவையகம் எனப்படும். அதன் வேலையைக் கண்ணாற் காண்பார் இலர். பிழைபட்டபோதும், பிழைபட்டது அதுவே என்று அறிவார் மிகச் சிலர்.

இது யாரைத் தொடுகின்றது என்பதை ஓரூரை வைத்து நோக்குதல் நன்று. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூருக்கும் வெருகலாற்றுக்கும் இடைப்பட்டது ஈச்சிலம்பற்று. கொழும்பிலுள்ள ஒருவன் கைபேசியிற் கண்ட செய்தியில் ஐயங்கொண்டால் பேருந்தேறிச் சென்று திணைக்களத்தின் வாயிலிலேயே கேட்டுத் தெளியலாம். ஈச்சிலம்பற்றில் வாழ்பவனுக்கு அவ்வசதி இல்லை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழின் பிரதி, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் ஆகிய அனைத்திலும் அவன் ஒரு பெயரை அழுத்துகின்றான். வந்த பக்கத்தை நம்புகின்றான். 2006 இல் இடம்பெயர்ந்து, பத்திரங்களை இழந்து, பின் ஊர் திரும்பிய குடும்பங்கள் வாழும் பகுதி அது. அங்கே ஒரு சான்றிதழின் பிரதி எளிய பொருளன்று. தூரத்தில் இருப்பவனே பெயரை மிகுதியும் நம்பி வாழ்கின்றான் என்பதனால், அப்பெயர் எவ்வழியே சென்று எண்ணாக மீள்கின்றது என்பதை அறியும் உரிமையும் தேவையும் அவனுக்கே மிகுதியாக உள்ளன.

அவ்வழியை விளங்கிக்கொள்ள அவ்வூரின் பெயரிலேயே ஓர் உதவி கிடைக்கின்றது. கிழக்கு மாகாணத்திற் பற்று என்னும் சொல் ஆட்சிப் பிரிவைக் குறித்தது. கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று என்பன திருகோணமலைப் பகுதியிற் பழமையாக வழங்கிய பிரிவுகள். ஒரு பற்றின் தலைவனுக்குத் தன் பற்றிலுள்ள ஊர்கள் யாவை, ஒவ்வோர் ஊரையும் பார்ப்பவர் யாவர் என்பன தெரியும். ஓரூரில் இன்னாருடைய வளவு எங்குள்ளது என்பது அவ்வூர்க் காரியம் பார்ப்பவனுக்கே தெரியும். ஆள்களப் பெயர்களும் இவ்வாறே பற்றுப் பற்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அப்பிரிவினை வலயம் என்பர். மேல்வலயம் கீழ்வலயத்தின் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிடுதலைக் கையளிப்பு என்பர். எல்லா வலயங்களுக்கும் மேலே இருப்பது வேர் வலயம். அதன்கீழே இலங்கைக்குரிய எல்.கே. வலயம், அதன்கீழே பாடசாலைகளுக்கும் அரச திணைக்களங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய வலயங்கள். தபாலுறையின் முகவரியைத் தபாற் பகுதியார் கீழிருந்து மேலாகப் படிப்பது போல, ஆள்களப் பெயரைச் சேவையகங்கள் வலமிருந்து இடமாகப் படிக்கும். வேர்ச் சேவையகம் விடையைக் கூறுவதில்லை, எல்.கே. வலயத்தாரிடம் கேள் என்று விடுக்கும். அவர்கள் திணைக்களத்தின் சேவையகத்தைக் காட்டுவர். திணைக்களத்தின் சேவையகமே இறுதியில் எண்முகவரியை உரைக்கும்.

வழியில் ஒரு துறை மூடினால் என்னாகும் என்பதை அவ்வூர் முதியோருக்கு விளக்க வேண்டுவதில்லை. முன்னாளில் ஈச்சிலம்பற்றிலிருந்து தரைவழியே திருகோணமலை நகருக்குச் செல்ல எண்ணியவர் கங்கை, ரால்குழி, உப்பாறு, கிண்ணியா எனத் துறைதோறும் நின்று, அப்பகுதியார் பாதை என்று வழங்கும் மிதவையில் ஏறிக் கடந்தனர். ஒரு துறையிற் பாதை பழுதுற்றால், ஏனைய துறைகள் யாவும் செம்மையாக இருந்தும் பயணம் இல்லை. 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்றைய மாணவர் அத்துறைகளின் பெயர்களைப் பேருந்து நிறுத்தங்களாக மட்டுமே அறிவர். ஆயினும் அவர் தம் கைபேசியில் ஒரு பெயரை அழுத்துந்தோறும் மூன்று நான்கு துறைகளைக் கடக்கவே செய்கின்றார்.

இம்முறை தோன்றுமுன் வழக்கு வேறாயிருந்தது. இணையத்தின் முன்னோடியான வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்திற் பேணப்பட்டன. எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையார் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அப்பட்டியலை நடத்திற்று. கணினிகள் பெருகவே ஓரிடத்துப் பட்டியல் போதாதாயிற்று. 1983 இல் போல் மொக்கபெட்றிஸ் என்பவர் பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். 1987 இல் அது திருத்தம் பெற்று நிலையான நெறியாயிற்று. வேர்ச் சேவையகங்களுக்கு ஏ முதல் எம் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களால் 13 பெயர்கள் அமைந்தன. ஒரு விடைப் பொதியில் 512 பைற்றுக்கு மேற்படாமல் எத்தனை பெயரை அடக்கலாம் என்னும் கணக்கே இப்பதின்மூன்றுக்குக் காரணம். பதின்மூன்று பெயர் என்றதனாற் பதின்மூன்று கணினி என்று கொள்ளற்க. அப்பெயர்களைத் தாங்கி நிற்கும் கணினிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் உள்ளன. இலங்கைக்குரிய எல்.கே. என்னும் உச்சி ஆள்களம் 1990 இல் வேர்ப் பட்டியலிற் சேர்ந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கிகான் டயஸ் அதன் வளர்ச்சியில் முதன்மையானவர்.

மொக்கபெட்றிஸ் வகுத்த முறையில் ஒரு குறை இருந்தது. கேட்டவனுக்கு விடை வரும். அவ்விடையை உரியவரே அனுப்பினார் என்பதற்குச் சான்று வாராது. இடையே நிற்கும் ஒருவன் உண்மை விடைக்கு முந்திப் பொய்விடையை அனுப்பினால், கேட்ட சேவையகம் அதனையே மெய்யென்று கொண்டு, தவணை முடியும்வரை தன் நினைவில் வைத்திருந்து, கேட்போர்க்கெல்லாம் கூறும். இக்குறையை எத்துணை எளிதாகப் பயன்படுத்தலாம் என்பதை 2008 இல் டான் கமின்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் வெளிப்படுத்தியபோது துறைசார்ந்தோர் திடுக்குற்றனர். மருந்து முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. 2005 இல் நெறியாக்கப்பட்ட டி.என்.எஸ்.செக் என்பது அது. அதன்படி ஒவ்வொரு வலயமும் தன் விடைகளுக்கு மறைகுறித் திறவுகோலால் ஒப்பமிடும். அத்திறவுகோல் அவ்வலயத்துக்கே உரியது என்பதற்கு அதன் விரலடையாளம் மேல்வலயத்தின் பதிவேட்டில் இருக்கும். மேல்வலயத்தின் திறவுகோலுக்கு அதற்கும் மேலுள்ள வலயம் சான்று. இவ்வாறு ஏறிச் சென்றால் வேரில் முடியும். வேருக்கு மேலே சான்று கூற எவரும் இல்லாமையால், அதன் திறவுகோலைச் சேவையகங்கள் தாமே முன்னதாக அறிந்து வைத்திருக்கும். அதற்கு நம்பிக்கை நங்கூரம் என்று பெயர். வேர் வலயம் ஒப்பமிடப்பெற்றது 2010 யூலை 15 ஆம் நாளில்.

கையளிப்பு, திறவுகோல், விரலடையாளம், ஒப்பம் என இத்தனையும் ஒரு பெயருக்கு மேலிருந்து கீழ்வரை பொருந்தியிருத்தல் வேண்டும். அவற்றை எழுத்துவடிவில் வாங்கினால் எண்களும் குறிகளும் நிறைந்த பல பக்கங்கள் தேறும். பழகிய பொறியியலாளனும் அப்பக்கங்களில் ஒரு பிழையைத் தேடி நெடுநேரம் கழிப்பான். இங்கேதான் படம் பயன்படுகின்றது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கேசி டெக்சியோ என்பவர் இதற்கென ஒரு கருவியை ஆக்கினார். டி.என்.எஸ்.விஸ் என்பது அதன் பெயர். யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு பெயரைக் கொடுத்தால், அது வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வலயத்துக்கும் பொறுப்பான சேவையகங்களைத் தனித்தனியே வினவும். ஒருவரைக் கேட்டு அமைவதில்லை. ஒரே கேள்வியை அனைவரிடமும் கேட்டு விடைகளை ஒப்புநோக்கும். பின்னர் அனைத்தையும் ஒரே படமாக வரைந்து தரும்.

படத்தைப் படிக்கும் முறை கடினமன்று. ஒவ்வொரு வலயமும் ஒரு பெட்டியாகத் தோன்றும். மேலே வேர், அதன்கீழ் எல்.கே., அதன்கீழ் வினவிய பெயர் எனப் பெட்டிகள் அடுக்காக நிற்கும். பெட்டியினுள் உள்ள நீள்வட்டங்கள் திறவுகோல்கள். சாம்பல் நிறம் நிரப்பிய நீள்வட்டம் ஏனைய திறவுகோல்களுக்குச் சான்று கூறும் தலைமைத் திறவுகோலைக் காட்டும். இரட்டைக் கோட்டால் வரைந்த நீள்வட்டம் நம்பிக்கை நங்கூரம். அது வேர்ப் பெட்டியிற் காணப்படும். மூலை மழுங்கிய செவ்வகங்கள் பதிவுகள். ஒரு திறவுகோலிலிருந்து ஒரு பதிவை நோக்கிச் செல்லும் அம்பு, அத்திறவுகோல் அப்பதிவுக்கு ஒப்பமிட்டதென்பதற்கு அடையாளம். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே செல்லும் தடித்த கோடு கையளிப்பு. இனி நிறங்களை நோக்குக. நீலம், சான்று வேரிலிருந்து அறாது வருகின்றது என்பதைக் கூறும். சிவப்பு, சான்று உண்டென்று சொல்லப்பட்டும் அது பொருந்தவில்லை என்பதைக் கூறும். கறுப்பு, சான்றே இல்லை என்பதைக் கூறும். எச்சரிக்கை வேண்டுமிடத்து முக்கோணக் குறி தோன்றும்.

கறுப்பைக் கண்டு மருளற்க. உலகிலுள்ள ஆள்களப் பெயர்களுட் பெரும்பாலானவை இன்னும் ஒப்பமிடப்படாதவை. அவை யாவும் கறுப்பாகவே தோன்றும். ஒப்பமிடாத கடிதம் பொய்க் கடிதமன்று. ஆயினும் அதனை மெய்யென்று நிறுவ முடியாது. சிவப்பின் நிலை வேறு. சான்றைச் சரிபார்க்கும் சேவையகங்கள் சிவப்பு நிலையிலுள்ள பெயருக்கு விடையே தருவதில்லை. கேட்டவனுக்கு அப்பெயர் உலகில் இல்லாதது போலாகிவிடும்.

படம் எவ்வாறு பிழையைக் காட்டும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில உள. 2024 ஜனவரி 30 ஆம் நாள் ருசிய நாட்டின் உச்சி ஆள்களம் சில மணி நேரம் பலருக்கு எட்டாதாயிற்று. போரும் பகையும் நிலவிய காலமாதலின் சதியென்று ஐயுற்றார் பலர். காரணமோ கணக்கில் இருந்தது. ஒவ்வொரு திறவுகோலுக்கும் 0 முதல் 65535 வரையுள்ள ஓர் எண் அடையாளமாக அமைகின்றது. அவ்வெண் தனித்தன்மை உடையதன்று. இரு திறவுகோல்களுக்கு ஒரே எண் வாய்த்தல் அரிதாயினும் கூடும். அந்நாளில் அதுவே வாய்த்தது. புதிய திறவுகோலும் பழைய திறவுகோலும் ஒரே எண்ணைப் பெற, ஒப்பமிடும் மென்பொருள் தடுமாறிப் பொருந்தாத ஒப்பங்களை இட்டது. இத்தகைய நிலையிற் படம் நீலமாக இருக்கவேண்டிய அம்புகளைச் சிவப்பாகக் காட்டும்; எழுத்துவடிவிற் பல பக்கம் புரட்டித் தேடவேண்டியது ஒரு நோக்கிற் புலப்படும்.

சுவீடனின் நிகழ்ச்சி இதனினும் எளியது. ஆசிரியர்க்கு மிகவும் பிடித்தமானது. 2009 ஒக்டோபர் 12 ஆம் நாள் இரவு, அந்நாட்டு உச்சி ஆள்களத்தின் பதிவேட்டைப் புதுப்பித்த நிரலொன்று பெயர்களின் ஈற்றில் வரவேண்டிய புள்ளியை இடாது விட்டது. ஈற்றுப் புள்ளி இல்லாத பெயரைச் சேவையகம் முற்றுப்பெறாத பெயரெனக் கொண்டு, வலயத்தின் பெயரை மீளவும் அதனோடு ஒட்டும். அதனால் அந்நாட்டுச் சேவையகப் பெயர்கள் யாவும் இரட்டை வால் பெற்று உலகில் இல்லாத பெயர்களாயின. ஏறத்தாழ 9 இலட்சம் பெயர்கள் பாதிக்கப்பட்டன. ஒரு மணி நேரத்தளவிற் பிழை திருத்தப்பட்ட பின்னும், பிற சேவையகங்கள் தவணை முடியும்வரை பிழையையே நினைவில் வைத்திருந்தன. ஒரு புள்ளி தவறினால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு இதனைக் கூறலாம்.

நிறம் காட்டாத குறைகளும் உண்டு. 2021 ஒக்டோபர் 4 ஆம் நாள் பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தது. அதன் பெயருக்கு நான்கு சேவையகங்கள் இருந்தன. நான்கு இருந்தும் நான்கும் அந்நிறுவனத்தின் வலையமைப்பினுள்ளேயே இருந்தன. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் அவ்வலையமைப்பின் முதுகெலும்பு அறுந்தது. தரவு நிலையங்களை அடைய இயலாத பெயர்ச் சேவையகங்கள், தம்மை அடையும் வழியை உலகுக்கு அறிவித்தலை நிறுத்திக்கொண்டன. ஒரே கட்டையிற் கட்டிய நான்கு தோணிகளும் கட்டை பெயர்ந்தபோது ஒருங்கே மிதந்து போயின. ஆதலின் படத்தைப் பார்ப்பவன் நிறத்தோடு அமைதல் ஆகாது. சேவையகங்கள் எத்தனை, அவற்றின் எண்முகவரிகள் ஒரே வீதியைச் சேர்ந்தனவா, வெவ்வேறு நாடுகளில் உள்ளனவா, மேல்வலயம் கூறும் சேவையகப் பட்டியலும் கீழ்வலயம் கூறும் பட்டியலும் ஒத்துள்ளனவா என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். பட்டியல்கள் ஒவ்வாமை பெரும்பாலும் சோம்பலால் நேர்வது. பழைய சேவையகத்தை நிறுத்தியவர் மேல்வலயத்துக்கு அறிவிக்க மறந்திருப்பர். அப்பெயரைக் கேட்போருட் சிலர் மூடிய கடையின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பர்.

இனி இலங்கைக்கு வருவோம். சுதந்திர தினத்துக்கு இருநாட்களின் பின், 2021 பெப்ரவரி 6 ஆம் நாள் சனிக்கிழமை காலை, எல்.கே. என்று முடியும் பெயர்கள் சிலவற்றை அழுத்தியவர் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூகிளின் இலங்கைப் பெயரும் அவற்றுள் ஒன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நிலை, ஊடக சுதந்திரம் முதலிய பொருள்கள் பற்றிய வாசகங்கள் அப்பக்கத்தில் இருந்தன. ஆள்களப் பதிவகம் அன்று காலையிலேயே அதனைச் சீர்செய்து, நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது. வாசகங்களின் நியாய அநியாயம் வேறு பொருள். பெயர்முறையைக் கற்பவன் நோக்கவேண்டியது ஒன்றே: அந்நிறுவனங்களின் கணினிகளுள் எவரும் புகுந்திலர், பெயரை அழுத்தியவனும் எழுத்துப் பிழை செய்திலன். பெயருக்கும் எண்ணுக்கும் இடைப்பட்ட வழியிலேயே திருப்பம் நேர்ந்தது. அன்று வந்த பக்கம் தன்னை வேறென்று வெளிப்படையாகக் காட்டிக்கொண்டது. திணைக்களத்தின் பக்கத்தைப் போலவே வரைந்த ஒரு பொய்ப்பக்கம் அவ்விடத்தில் நின்று, அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த தேதியையும் கேட்டிருப்பின், ஈச்சிலம்பற்றில் இருப்பவன் எதைக் கொண்டு ஐயுற்றிருப்பான்?

டி.என்.எஸ்.விஸ் இதனைக் காட்டுமா என்ற வினா எழும். காட்டும் என்றும் காட்டாது என்றும் விடை கூறல் வேண்டும். ஒப்பமிட்ட ஒரு பெயருக்கு இடைவழியில் எவரேனும் பொய்விடை கூறினால், அவ்விடையிற் பொருந்திய ஒப்பம் இராது; சரிபார்க்கும் சேவையகம் அதனைத் தள்ளிவிடும். ஆனால் மேல்வலயத்தின் பதிவேட்டிலேயே சேவையகத்தின் பெயர் மாற்றி எழுதப்படின் நிலைமை வேறு. பதிவேடு பொய்யை மெய்யென எழுதியபின் மேல்வலயம் அதற்கும் முறைப்படி சான்று கூறும். படம் பழுதின்றித் தோன்றும். காணியைக் கள்ள உறுதியால் மாற்றியவன், அவ்வுறுதியைக் காணிப் பதிவகத்திலும் பதிந்துவிட்டால், பதிவகத்தின் முத்திரை உண்மையான முத்திரையே அன்றோ? அங்கே உதவுவது பழைய உறுதியோடு புதியதை ஒப்புநோக்குதல். இக்கருவி ஒரு பெயருக்கு வெவ்வேறு நாளில் வரைந்த படங்களைச் சேமித்து வைக்கும். நேற்றைய படத்தில் உள்நாட்டுச் சேவையகம் இரண்டு, இன்றைய படத்தில் முன்னறியாத வெளிநாட்டுச் சேவையகம் ஒன்று எனக் கண்டால், நிறம் எதுவாயினும் கேள்வி எழுப்புதல் வேண்டும். தனிப்படத்தினும் படவரிசையே பயன் மிக்கது என்பதை இக்கருவியைக் கையாளுவோர் பலர் உணர்வதில்லை. சிவப்பு இல்லை என்று கண்டவுடன் மூடிவிடுகின்றனர்.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2010 இல் இலங்கை என்னும் தமிழ்ச் சொல்லும் அதற்கு நிகரான சிங்களச் சொல்லும் உச்சி ஆள்களங்களாக ஏற்கப்பட்டன. மறு ஆண்டில் இந்தியா, சிங்கப்பூர் என்னும் தமிழ் வடிவங்களும் வேர் வலயத்திற் சேர்ந்தன. மூன்று நாடுகளின் பெயர் தமிழெழுத்தில் வேரிலே நிற்பது பெருமைக்குரியதே. ஆயினும் சேவையகங்களுக்குள்ளே அவை தமிழெழுத்தில் இல்லை. பழைய முறை ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றையே ஏற்குமாதலின், 2003 இல் வகுத்த ஒரு முறைப்படி தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலக் குறிகளாக மாற்றிப் பதியப்படுகின்றன. இலங்கை என்னும் நான்கெழுத்துச் சொல், முன்னொட்டு நீங்கலாக, 12 குறிகள் கொண்ட தொடராகின்றது. அத்தொடரைக் கண்டு தன் நாட்டின் பெயரென்று அறியும் தமிழன் அரியன். இலங்கை என்று முடியும் பெயருக்கு எல்.கே. வலயத்தின் வழி பயன்படாது. வேரிலிருந்து அதற்கு வேறொரு வழி உண்டு. வேறொரு படமும் உண்டு. ஒரு நிறுவனம் இரண்டு பெயரையும் வைத்திருந்து, ஆங்கிலப் பெயரை மட்டும் பேணித் தமிழ்ப் பெயரைப் பாராமுகமாக விடுதல் நேரலாம். இரு படங்களையும் அருகருகே வைத்தால் அப்பாராமுகம் வெளிப்படும்.

எழுத்து மயக்கம் இன்னொன்று. ஔ என்னும் ஓரெழுத்தும், ஒகரத்தை அடுத்து ளகரம் நின்ற ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஔவை என்பதை இருவகையாகவும் தட்டச்சிடலாம்; பார்ப்பவன் வேறுபாடு அறியான். கணினிக்கோ அவை இரு வேறு பெயர்கள். எண் ஒன்றும் ககரமும்கூட இவ்வாறே மயங்குவன. அத்தகைய இரு பெயர்களும் பதியப்படுமாயின் இரண்டு படங்களும் நீலமாகவே வரலாம். படம் வழியைக் காட்டுமே தவிர, வழியின் முடிவில் இருப்பவன் எத்தகையவன் என்பதைக் காட்டாது. இதனைக் கருவியின் குறையென்று கூறுவோர் உளர். துறைமுக வரைபடம் கப்பலின் உள்ளே இருக்கும் சரக்கைக் காட்டவில்லை என்று குறை கூறுவதற்கு அஃது ஒப்பாகும்.

பாடசாலைகளில் இதனைக் கற்பித்தல் இயலுமா? தகவல் தொழினுட்பப் பாடத்தில் ஆள்களப் பெயர் முறைக்கு இடமுண்டு. பெரும்பாலும் ஒரு வரைவிலக்கணத்தோடும் ஒரு மரவரைபோடும் அது முடிந்துவிடுகின்றது. மாணவன் அந்த மரத்தை மனனம் செய்கின்றான். தன் பாடசாலையின் பெயர் அம்மரத்தில் எக்கிளையில் நிற்கின்றது என்று தேடுவதில்லை. டி.என்.எஸ்.விஸ் கருவியை ஒரு சாதாரண கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அது மூன்று படியாக இயங்கும்: முதற்படி சேவையகங்களை வினவி விடைகளை ஒரு கோப்பில் எழுதும், இரண்டாம்படி அவ்விடைகளை ஆராயும், மூன்றாம்படி படம் வரையும். இணைய இணைப்பு வேண்டுவது முதற்படிக்கு மட்டுமே. இணைப்பு நிலையாக இல்லாத ஈச்சிலம்பற்றுப் போன்ற ஊர்களுக்கு இஃது ஒரு வாய்ப்பு. நகரிலோ இணைப்புக் கிடைத்த வேளையிலோ வினவி எழுதிய கோப்பைக் கொண்டுவந்து, இணைப்பின்றியே வகுப்பில் ஆராயலாம்.

கருவி இல்லாதவிடத்துக் கைப்படமும் போதும். டிக் என்னும் பழைய கட்டளையொன்று, வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துறையிலும் யார் யாரைக் காட்டினர் என்பதை வரிவரியாக அச்சிடும். அதனைப் பார்த்து மாணவன் தாளிற் பெட்டிகளை வரைந்து, சேவையகங்களின் பெயரையும் எண்முகவரியையும் தவணையையும் தன் கையாலே எழுதட்டும். மேல்வலயம் கூறிய பட்டியலை ஒரு மையாலும் கீழ்வலயம் கூறியதை வேறொரு மையாலும் எழுதினால் ஒவ்வாமை தானே தெரியும். முதற்படத்துக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் பெயரை எடுப்பது தக்கது. மாணவன் உண்மையாகவே அழுத்தப்போகும் பெயர் அது. இரண்டாம் படத்தை மறுதவணையில், அதே பெயருக்கு, முதற்படத்தைப் பாராது வரைதல் வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழ வரைபடங்கள் அளவெடுத்த ஆண்டைத் தாங்கி நிற்பது போல, ஒவ்வொரு தாளின் மூலையிலும் வினவிய நாளும் மணியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அது விடுபட்டால், இரு தாளுக்கும் இடையே சேவையகம் ஒன்று மாறியிருப்பதைக் கண்டாலும் எது முன்னையது, எது பின்னையது என்று கூற இயலாது.